இருபத்திரண்டரைப் பாகை

முந்நூறு டன் லாரி ஓட்டுகிறவள் நான்.
ஏழு நாள் சுரங்கம், ஏழு நாள் வீடு.
இந்த வாரம் வீட்டுக்குப் போகவில்லை.
கலாமாவிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம்;
தார் முடிந்து, உப்பு தொடங்கி,
செல்பேசியின் கடைசிக் கோடும் அணைந்த இடம்.
கூட வந்திருப்பவள் ஒத்திலியா,
எடைமேடையில் கணக்கு எழுதுகிறவள்.
தெர்மாஸும் இரண்டு கம்பளியும் அவள் பொறுப்பு.

முதலில் முக்காலி.
சரளையில் மூன்று கால்களுக்கும் மூன்று அபிப்பிராயம்.
குமிழி ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு
நடுவுக்கு வரமாட்டேன் என்கிறது.
ஒரு காலுக்குக் கீழே தட்டைக் கல்,
இன்னொன்றுக்குச் சுத்தியலால் இரண்டு தட்டு.
வந்தது.

மேலே மவுண்ட்.
அந்தோஃபகாஸ்தாவில் ஒரு பல் வைத்தியர் விற்றது.
ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினேன் என்றார்.
ஏன் என்று இப்போது தெரிகிறது.

துருவம் இங்கே தொடுவானத்தின் பக்கத்திலேயே
படுத்துக் கிடக்கிறது.
இருபத்திரண்டரைப் பாகைக்கு
அச்சைத் தாழ்த்தித் தாழ்த்தி வர,
எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடித்தது.
வடக்கே எங்கோ
குளிர்நாட்டு மேசையில் வரைந்திருக்கிறார்கள்,
எங்களை நினைக்காமல்.
முக்காலியையே அறுபது பாகை திருப்பினேன்.
இரண்டு கால்களுக்கு நடுவே தண்டு இறங்கியது.
குமிழி மறுபடி ஓரத்துக்குப் போயிற்று.

சமன்பார்ப்பது மட்டும் எனக்கு யாரும் சொல்லவேண்டாம்.
பாரம் ஒரு பக்கம் ஏறிய லாரியின் முனகல்
என் முதுகெலும்புக்கே தெரியும்.
பிடியைத் தளர்த்திக் குழாயைக் கிடையாக விட்டேன்.
கேமராப் பக்கம் தலை தொங்கியது.
எடை ஒரு விரல் கீழே.
இன்னும் அரை விரல்.
குழாய் மூச்சுப் பிடித்தாற்போல் நின்றது.

திசைகாட்டியைக் கேட்டால்
என் வண்டிதான் தெற்கு என்றது.
வண்டியை நகர்த்திவைத்து வந்தேன்.

வடக்கத்தியருக்குத் துருவ நட்சத்திரம்
ஆணி அடித்தாற்போல் நிற்குமாம்.
தெற்கில் அந்த நாற்காலி காலி.
பக்கத்தில் மங்கலாக நாலு பேர்,
கோணல் சதுரமாய்,
பேருந்து வருமா வராதா என்று நிற்கிறவர்கள் மாதிரி.
சிலுவையின் நீளத்தை நாலரை தடவை அளந்து
அவர்களிடம் போய்ச் சேர
ஒரு மணி நேரமும் என் கழுத்தும் போயின.

டார்ச்சின் கண்ணாடியில்
ஒத்திலியா தன் சிவப்பு நகப்பூச்சைத் தடவியிருந்தாள்.
அந்த வெளிச்சத்தில் எண்களை வாசித்தாள்,
எடைமேடையில் வாசிக்கிற அதே குரலில்.

பிறகு நழுவல் சோதனை.
உச்சிக்கோட்டில் ஒரு நட்சத்திரத்தைக்
குறுக்குக்கம்பியில் உட்கார்த்தி
ஐந்து நிமிடம் பார்.
நழுவினால் பக்கத்திருகு கால் சுற்று.
மறுபடி ஐந்து நிமிடம்.
கிழக்கே ஒன்று; அதற்கும் அப்படியே,
இந்தமுறை உயரத்திருகு.
எட்டாவது தடவை
அவள் தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.
நிற்கிறதா? என்றாள் கம்பளிக்குள்ளிருந்து.
நிற்கிறது என்றேன்.
சொன்னதும் பயமாக இருந்தது.

முதல் படம். மூன்று நிமிடம்.
குதிரைமனிதனின் முதுகில்
சர்க்கரை கொட்டினாற்போன்ற அந்தத் திரள்.
இரண்டாம் நிமிடம் முடியும்போது
தெர்மாஸின் மூடி தானாகக் கிலுகிலுத்தது.
பிறகு தரை.
பெரிதில்லை. இங்கே வாரத்துக்கொன்று வரும்,
யாரும் கட்டிலைவிட்டு இறங்கமாட்டார்கள்.
எந்த உருண்டையின் அச்சுக்கு நேராக
ஐந்து மணி நேரம் குனிந்து கிடந்தேனோ
அது தன் தோளைக் குலுக்கிக்கொண்டது.
மேலே ஒன்றும் அசையவில்லை.

திரையில் பார்த்தோம்.
ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்னக் கொக்கி,
எல்லாம் ஒரே பக்கம் வளைந்து,
ஒரே ஆள் அவசரமாகக் கையெழுத்திட்டாற்போல.

அழிக்கப்போன என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.
சீட்டில் எடை தப்பாக விழுந்தால்
நாங்கள் கிழிப்பதில்லை,
குறுக்கே கோடு போட்டுக் கோப்பில் வைப்போம் என்றாள்.

குமிழி அரை மயிரிழை வெளியே.
இருட்டு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது.
முழங்காலிட்டேன். சரளை குத்தியது.
காபியில் கடைசி வாய் அவளுடையது.
டார்ச்சைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடி, ஒத்திலியா.